தொங்கும் படுக்கையும் தொய்வின் கணக்கும்

அன்புள்ள தம்பிக்கு,

கொல்லையில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஹேமக்கை, அதாவது தொங்கு படுக்கையை, விறைப்பாக இழுத்துக் கட்டியும் முதுகு வலிக்கிறதே, இன்னும் இறுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, இது மலையேறுகிற வெளிநாட்டுக்காரர்களின் சாமான், தஞ்சாவூர்ச் சீமைக்கு ஒத்துவராது என்றும் ஒரு வரி. முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் உண்டு: தளர்த்து. இரண்டாவதை அப்படி விட்டுவிட முடியாது. காவிரிப் படுகையில் வளர்ந்த பிள்ளை எழுதுகிற வரியா அது?

நடவு வயலின் ஓரத்தை நினைத்துப் பார். கைக்குழந்தைக்காரி நடவுக்கு வரும்போது ஒரு பழைய நூல் சேலையைக் கொண்டுவருவாள். வரப்போரத்து வேம்பிலோ பூவரசிலோ நல்ல கிளையாகப் பார்த்துச் சேலையைத் தூக்கிப் போட்டு, முனைகளை முடிந்து தூளி கட்டுவாள். மரமில்லாத திடலில் மூன்று மூங்கில் கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை அகட்டி ஊன்றி, அதில் தொங்கவிடுவாள். குழந்தை சேற்றுக்கு மேலே, எறும்புக்கும் தேளுக்கும் எட்டாமல் தூங்கும். சேலையின் இரு விளிம்பும் மேலே வந்து கூடுவதால் வெயிலும் ஈயும் அண்டாது. நூல்துணி என்பதால் காற்று தடைபடாது. வேலை முடிந்து முடிச்சை அவிழ்த்தால் அது மறுபடியும் சேலைதான். ஐந்தரை மீட்டர் துணி, ஏறக்குறைய அரைக் கிலோ எடை. படுக்கையும் கூரையும் திரையும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. முதுகுப்பையின் எடையைக் கிராம் கிராமாகக் குறைக்கப் பாடுபடுகிற மலையேறிகள் தேடுவது இதைத்தான். குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்று நட்ட பெண்கள் இதை எந்தக் கடையிலும் வாங்கவில்லை, எந்த வகுப்பிலும் கற்கவில்லை. அவர்களுடைய கைப்பழக்கத்தில் ஒரு முழு இயற்பியல் பாடம் இருக்கிறது. அதைப் பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் கண்டுகொள்ளாதது பெரிய குறை.

அந்தப் பாடம் இதுதான். தூளியின் இரண்டு பக்கமும் ஏறத்தாழ செங்குத்தாக மேலே போகின்றன. அதனால் ஒவ்வொரு பக்கமும் குழந்தையின் எடையில் பாதியைத்தான் தாங்குகிறது. இப்போது 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஹேமக்கில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வில் மரத்துக்குப் போனால், ஒவ்வொரு பக்கக் கயிற்றின் மீதும் 60 கிலோ இழுவிசை. சாய்வு 10 டிகிரியாகக் குறைந்தால் அது 170 கிலோவைத் தாண்டிவிடும். 5 டிகிரிக்கு வந்தால் 340 கிலோவுக்கு மேல்! ஆள் அதே ஆள்தான். கட்டிய விதம் மட்டும் மாறியிருக்கிறது. விறைப்பாகக் கட்டக் கட்டக் கயிறும் முடிச்சும் மரமும் சேர்ந்து வதைபடுகின்றன, இரண்டு ஓரத் துணியும் உள்பக்கம் மடிந்து தோளை நெரிக்கிறது. நடவுப் பெண்களில் யாராவது தூளியை இழுத்து விறைப்பாக்கி நீ பார்த்திருக்கிறாயா? 30 டிகிரியை அளக்கக் கருவி வேண்டாம். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் செங்கோணமாக விரித்து, சுட்டுவிரலைக் கிடையாக நீட்டிக் கயிற்றின் பக்கத்தில் பிடி. இரு விரல் நுனிகளையும் கயிறு தொட்டுக்கொண்டு போனால் சாய்வு ஏறக்குறைய சரி.

தூளி குழந்தைக்குத்தானே என்று நீ மடக்குவாய். சாலை எட்டாத மலைக்கிராமங்களில் நோயாளியையும் நிறைமாதப் பெண்ணையும் எப்படிக் கீழே இறக்குகிறார்கள் என்று செய்தித்தாளில் பார். நீண்ட கழியில் போர்வையைக் கட்டி, முன்னும் பின்னும் ஆட்கள் தோள் கொடுத்துத் தூக்கி வருகிறார்கள். சாலை போடாததன் அவமானம் அது. அதை அழகாக்கிப் பேசக் கூடாது. ஆனால் தொய்வாகத் தொங்கும் ஒரு துணி வளர்ந்த மனித உடலைத் தாங்கி மலைப்பாதையில் வரமுடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

வெளிநாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், நீ ஆரம்பித்து வைத்தாய் அல்லவா. 1492 அக்டோபரில் கொலம்பஸ் பஹாமாஸ் தீவுகளில் இறங்கியபோது, அந்த மண்ணின் மக்கள் பருத்தி வலைகளைக் கட்டித் தூங்குவதைக் கண்டு நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஐரோப்பியக் கப்பல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு மாலுமிக்குத் தொங்கு படுக்கை கட்ட ஒதுக்கப்பட்ட அகலம் 14 அங்குலம். சார்லஸ் டார்வின் 1831 டிசம்பரில், கப்பல் புறப்படுவதற்கு முன்பே பீகிளில் தங்கிப் பார்த்தபோது எழுதிய நாட்குறிப்பு இந்த விஷயத்தில் படிக்க வேண்டிய ஒன்று. அப்போது அவருக்கு 22 வயது. முதலில் காலைத் தூக்கி உள்ளே வைக்கப் பார்த்திருக்கிறார். படுக்கை விலகி விலகிப் போயிருக்கிறது. நடுவில் சரியாக உட்கார்ந்து, பிறகு உடம்பை ஒரு திருப்புத் திருப்பினால் தலையும் காலும் தானாக இடத்துக்கு வந்துவிடும் என்று பிறகு கண்டுகொண்டார். ஆள் உயரம் என்பதால் அவருடைய அறையில் ஓர் அலமாரியின் இழுப்பறையைக் கழற்றித்தான் படுக்கைக்கு இடம் செய்தார்கள். உயிரினங்களின் தோற்றத்தை யோசித்தவர் படுக்கையில் ஏறுவதையும் அதே கவனத்தோடு கவனித்திருக்கிறார்.

முதுகு வலிக்கு வருவோம். துணியின் நீளவாக்கில் நேராகப் படுத்தால் முதுகு வாழைப்பழம் போல வளையும். குறுக்குச் சாய்வாகப் படு: தலை நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம், கால் மறு பக்கம். தொய்வான துணியில்தான் இது முடியும், அப்போது உடம்பு ஏறக்குறைய சமமாகக் கிடக்கும். அதற்குத் துணி பத்தடியாவது நீளமும் ஐந்தடி அகலமும் இருக்க வேண்டும். எட்டடித் துணியை மலிவாக விற்கிறார்களே என்று வாங்காதே. தொய்வு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர, படுக்கையின் இரு முனைகளுக்கும் நடுவே நீளாத மெல்லிய கயிறு ஒன்றை மேலே கட்டுவது வழக்கம். அதன் நீளம் துணியின் நீளத்தில் நூற்றுக்கு 83 பங்கு என்பது பலர் கைக்கொள்ளும் அளவு. பத்தடித் துணிக்கு எட்டேகால் அடி சொச்சம் வரும். மரங்களுக்கு இடையே நாலரை மீட்டர் இருந்தால் மரத்தில் சுற்றும் நாடாவை ஏறக்குறைய தலை உயரத்தில் கட்டு. நீ உட்காரும்போது படுக்கை நாற்காலி உயரத்தில் நிற்க வேண்டும். அதற்கு மேல் உயர்த்துவது கை காலை முறித்துக்கொள்கிற வேலை.

ஆனால் நாற்காலி உயரமாவது வேண்டும் என்பதற்குச் சொகுசைவிடப் பெரிய காரணம் உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே கடிக்கிறது. கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சொக்குதல், பேச்சுக் குழறல் என்று தெரியவரும்போது நேரம் கடந்திருக்கும். மண்தரைக் குடிசையில் பாய் விரித்துப் படுக்கும் விவசாயக் கூலிகளுக்கு இது காலங்காலமான ஆபத்து. கட்டில், சுற்றிலும் செருகிய கொசுவலை, இவை இரண்டும் கடியைக் குறைக்கும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். வயற்காட்டில் இரவு தங்குகிறவருக்குத் தரையைவிட்டு ஒன்றரை அடி எழும்பிய படுக்கை சொகுசு இல்லை, உயிர்க்காவல். இது தஞ்சாவூர்ச் சீமைக்கு ஒத்துவராது என்றா எழுதினாய்!

இனி மரம். இரண்டு தென்னை, நடுவே ஹேமக், பின்னால் கடல் என்று நாட்காட்டியில் படம் போடுகிறவர்கள்மேல் எனக்குத் தீராத வருத்தம். காய்க்கிற தென்னைக்கு அடியில் படுக்கவே கூடாது. தேங்காயும் பழுத்த மட்டையும் சொல்லிக்கொண்டு விழுவதில்லை. தென்னைக்கு ஆணிவேரும் இல்லை, கொத்து வேர்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகள் எப்படிச் சாய்ந்தன என்பதை உன் வீட்டுப் பெரியவர்களிடம் கேள். முருங்கை பெயருக்குத்தான் மரம், கிளை சடக்கென்று ஒடியும். வேம்பு, புங்கன், புளி, இலுப்பை இவற்றில் உயிருள்ள, தொடையைவிடப் பருத்த அடிமரமாகப் பார். அண்ணாந்து பட்ட கிளை இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. கயிற்றை நேராக மரத்தில் சுற்றினால் மரப்பட்டை அறுபடும். இரண்டு விரல் அகல நாடாப் பட்டைதான் சுற்ற வேண்டும். நைலான் நாடா ஈரத்தில் நீண்டு ராத்திரியில் உன்னைத் தரைக்கு இறக்கிவிடும், பாலியஸ்டர் அவ்வளவு நீளாது. நாடாவின் மேல் வேப்பெண்ணெய் தோய்த்த துணியைச் சுற்றிவைத்தால் எறும்பு தயங்கும்.

மழையும் பனியும் வேறு கணக்கு. மேலே தார்ப்பாய் கட்டினாலும் மரத்தில் வழியும் தண்ணீர் நாடா வழியாகவே படுக்கைக்குள் வரும். நாடாவில் ஒரு துண்டுக் கயிற்றை முடிந்து தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கொசுவலை மேலே மட்டும் போதாது. மெல்லிய நைலானை முதுகுப் பக்கமிருந்து குத்துகிற கொசு நம் ஊர்க் கொசு. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் இரவில்தான் கடிக்கும். வலை படுக்கையின் அடிவரை சுற்றி வர வேண்டும், அல்லது துணி இரட்டையாக இருக்க வேண்டும்.

குளிர் மேலிருந்து வருகிறது என்று நினைத்து இரண்டு போர்வை போர்த்துகிறார்கள். குளிர் கீழிருந்து வருகிறது. உடம்பின் எடையில் அடிப்போர்வை நசுங்கிவிடுவதால் அதில் காற்று தங்காது. கீழே ஓடும் காற்று சூட்டை இழுத்துக்கொண்டே போகும். தை மாத விடியலில், 20 டிகிரிப் பக்கம், நம் சமவெளியிலேயே முதுகு சில்லிடும். கொல்லிமலையில் கேட்கவே வேண்டாம். ஒரு பஞ்சுப் போர்வையின் நான்கு முனையிலும் கயிறு கட்டி, படுக்கைக்கு அடியில், அதை ஒட்டினாற்போல் ஆனால் நசுங்காமல் தொங்கவிடு. தென்னமெரிக்கக் காடுகளில் படுக்கைக்குக் கீழே சிறு நெருப்பு மூட்டிக்கொள்வார்கள். நைலான் துணிக்கு அடியில் நீ அதைச் செய்யக் கூடாது.

இடத்தைப் பற்றி ஒன்று. கொள்ளிடத்து மணலில் தங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். மேட்டூர் அணையைத் திறந்தால் மணல் ஆறாகிவிடும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்க மதகுகள் ஒன்பதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. கரைக்கு மேலே, படுகை நிலத்தில், உரியவரிடம் கேட்டுக்கொண்டு கட்டு. கோடியக்கரை சரணாலயத்துக்குள் வெளிமான் பார்க்கப் போகலாம், அனுமதியில்லாமல் இரவு தங்க முடியாது. மலைக்காடு எதுவானாலும் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகு அந்த விதிகள் இறுகியிருக்கின்றன, இறுகியதும் சரிதான். கொள்ளிடத்துக்குப் போவதற்கு முன் உன் கொல்லையிலேயே, தென்னையை விட்டு வேம்புக்கும் புங்கனுக்கும் மாற்றிக் கட்டி ஓர் இரவு படு. இரு மரங்களின் இடைவெளியையும் கயிற்றுச் சாய்வையும் குறித்து எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியர்