இழுபறித் தொகுதியின் ஓட்டு எண்ணிக்கையைப் பின்தொடர்வது எப்படி?

ஓட்டு எண்ணிக்கை நாளில் டிவியில் ஓடும் "முன்னிலை" என்ற சொல், அதுவரை எந்தெந்த பூத்களின் இயந்திரங்கள் திறக்கப்பட்டன என்பதை மட்டுமே சொல்கிறது. வித்தியாசம் பெரிதாக இருக்கும் தொகுதியில் அதுவே போதும். இழுபறித் தொகுதியில் எண்ணி முடித்த ஓட்டைவிட, இன்னும் எண்ண வேண்டிய ஓட்டு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

உதாரணத்துக்கு, மதுரை மாவட்டத்தில் 10 சட்டமன்றத் தொகுதிகள் உள்ளன: மேலூர், மதுரை கிழக்கு, சோழவந்தான், மதுரை வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு, திருப்பரங்குன்றம், திருமங்கலம், உசிலம்பட்டி. 2021 தேர்தலில் திமுக அணிக்கு 5, அதிமுகவுக்கு 5 என மாவட்டம் சரிபாதியாகப் பிரிந்தது. அந்தத் தேர்தலில் மதுரை தெற்கில் வித்தியாசம் 6,515, உசிலம்பட்டியில் 7,477. 2019 திருப்பரங்குன்றம் இடைத்தேர்தலில் 2,396. இரண்டு சுற்றுகளில் எண்ணப்படும் மொத்த ஓட்டைவிட இவை குறைவு. இப்படிப்பட்ட தொகுதிகளில் பரபரப்புக்கு ஆளாகாமல் நிலவரத்தைப் படிக்கப் பின்வரும் வரிசை உதவும்.

1. முந்தைய நாளே மூன்று விவரங்களைத் திரட்டுதல்

முதலாவது, தொகுதியின் பூத் பட்டியல். இரண்டாவது, பதிவான மொத்த ஓட்டு. மூன்றாவது, சென்ற தேர்தலின் படிவம் 20. ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்பதைக் காட்டும் இறுதி முடிவுத் தாள் அது. தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பூத் பட்டியலும் பழைய படிவம் 20-ம் கிடைக்கும். பூத் எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறக்கூடும் என்பதால், எண்ணை மட்டும் நம்பாமல் பள்ளியின் பெயரையும் ஊரையும் வைத்து ஒப்பிட வேண்டும்.

2. சுற்றுகளைக் கணக்கிடுதல்

வழக்கமாக ஒரு தொகுதிக்கு 14 மேஜைகள் போடப்படும். ஒரு மேஜைக்கு ஒரு கட்டுப்பாட்டு இயந்திரம் வீதம், 14 பூத்கள் எண்ணி முடிந்தால் ஒரு சுற்று. 300 பூத் உள்ள தொகுதியில் 21 முழுச் சுற்றுகளில் 294 பூத்கள் முடிந்துவிடும். 22-வது சுற்றில் 6 பூத் மட்டுமே மிஞ்சும். கடைசிச் சுற்று சிறியது என்பதை மறந்தால், மீதி ஓட்டைக் கூடுதலாக மதிப்பிட்டுவிட நேரும். இடவசதியைப் பொறுத்து மேஜைகளின் எண்ணிக்கை மாறும். அதற்கேற்பச் சுற்றுகளும் மாறும்.

3. எந்தச் சுற்றில் எந்த ஊர் என்று குறித்தல்

இயந்திரங்கள் பூத் எண் வரிசைப்படியே மேஜைக்கு வருகின்றன. முதல் சுற்றில் 1 முதல் 14, இரண்டாவதில் 15 முதல் 28. அடுத்தடுத்த எண்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்களுடையவை. ஆகவே ஒரு சுற்று என்பது ஏறக்குறைய ஒரு வட்டாரம். திருமங்கலம் தொகுதியில் திருமங்கலம் நகரம், கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி, பேரையூர் என வட்டாரங்கள் பிரிகின்றன. மதுரை கிழக்கில் மாநகரை ஒட்டிய குடியிருப்புகளும் கிராமங்களும் ஒரே தொகுதியில் இருக்கின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் எதிரே அந்த வட்டாரத்தின் பெயரையும், சென்றமுறை அங்கே யார் எத்தனை ஓட்டு கூடுதலாகப் பெற்றார் என்பதையும் எழுதி வைத்தால், அன்றைய நாளுக்கான வரைபடம் தயார்.

4. தபால் ஓட்டைத் தனியாக வைத்தல்

எண்ணிக்கை காலை 8 மணிக்குத் தபால் ஓட்டுடன் தொடங்கும், 8.30 மணிக்கு இயந்திரங்களைத் திறப்பார்கள். தேர்தல் பணியில் இருந்த அரசு ஊழியர்கள், ராணுவத்தினர், வீட்டிலிருந்தே ஓட்டளித்த முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் ஓட்டுகள் இதில் அடங்கும். ஆகவே காலை 8.15 மணிக்கு வரும் முன்னிலை தொகுதியின் பொதுவான போக்கைக் காட்டாது. ஆனால் முடிவு நெருக்கமாகும்போது இதே ஓட்டு வெற்றியைத் தீர்மானிக்கக்கூடும். 2025 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் வெளியிட்ட நடைமுறைப்படி, தபால் ஓட்டு எண்ணி முடித்த பிறகே கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்க வேண்டும்.

தபால் ஓட்டில் செல்லாதவை எத்தனை என்பதையும் கேட்டறிவது அவசியம். 2016-ல் திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரை, திமுகவின் அப்பாவுவை 49 ஓட்டில் வென்றார். பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பமிட்டது செல்லாது என்று 203 தபால் ஓட்டுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ணும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் உத்தரவிட்டது. எண்ணிய முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வெற்றி வித்தியாசம் செல்லாத தபால் ஓட்டின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால், ஒதுக்கப்பட்ட தபால் ஓட்டுகள் அனைத்தையும் தேர்தல் நடத்தும் அலுவலர் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும் என்பது விதி.

5. எந்த எண்ணை நம்புவது என்று தீர்மானித்தல்

ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் மேஜைவாரியான எண்களைத் தொகுத்து, தேர்தல் பார்வையாளர் இரண்டு இயந்திரங்களைத் தற்செயலாகத் தேர்ந்து சரிபார்த்த பின்பே சுற்று முடிவு அறிவிக்கப்படுகிறது. அதன் பிறகுதான் ஆணையத்தின் முடிவுகள் இணையதளத்தில் ஏறும். டிவிகள் வேட்பாளர்களின் முகவர்கள் வழியாக முன்கூட்டியே எண்களைப் பெறுவதுண்டு. அதனால் ஒரு சேனலில் 12-வது சுற்றும், இணையதளத்தில் 10-வது சுற்றும் ஒரே நேரத்தில் தெரியலாம். இரண்டு இடங்களின் எண்களைக் கலக்கக் கூடாது. ஒரே மூலத்தைப் பின்பற்றி, ஓட்டு எண்ணிக்கையுடன் சுற்று எண்ணையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

6. மீதி பூத்தால் வகுத்துப் பார்த்தல்

இந்த வழிகாட்டியின் மையக் கணக்கு இது. முன்னிலை வித்தியாசத்தை மீதமுள்ள பூத்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன 300 பூத் தொகுதியில் 19 சுற்றுகள் முடிந்தால் 266 பூத்கள் எண்ணப்பட்டிருக்கும், மீதி 34. வித்தியாசம் 2,000 என்றால், பின்தங்கியவர் மீதியுள்ள ஒவ்வொரு பூத்திலும் சராசரியாக 59 ஓட்டு கூடுதலாகப் பெற்றாக வேண்டும். பூத்துக்கு 700 ஓட்டு பதிவாகியிருந்தால் அது எட்டக்கூடியதே. வித்தியாசம் 6,000 ஆக இருந்தால் பூத்துக்கு 176 ஓட்டு கூடுதலாக வேண்டும். அவருடைய சொந்தக் கோட்டையான வட்டாரம் பாக்கி இருந்தாலொழிய அது கடினம்.

வகுத்து வந்த எண்ணைப் படிவம் 20-உடன் ஒப்பிட வேண்டும். மீதமுள்ள ஊர்களில் அவருடைய கட்சி சென்றமுறை அந்த அளவு முந்தியிருந்ததா? இந்த முறை அதே வட்டாரத்தின் முந்தைய சுற்றுகளில் அந்தப் போக்கு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? இரண்டுக்கும் விடை கிடைத்தால் நிலவரம் தெளிவாகும். 2021-ல் காட்பாடியில் பல சுற்றுகள் பின்தங்கியிருந்த துரைமுருகன் முடிவில் 746 ஓட்டில் வென்றார். நடுச்சுற்றுகளை மட்டும் பார்த்து முடிவு கட்டியவர்கள் அங்கே ஏமாந்தார்கள்.

7. மூன்றாம் இடத்தையும் கவனித்தல்

முதல் இருவரின் எண்கள் மட்டும் போதாது. 2021-ல் உசிலம்பட்டியில் அதிமுகவின் அய்யப்பன் வென்றபோது அமமுக வேட்பாளர் 50 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு பெற்றிருந்தார். மூன்றாமவர் வலுவாக உள்ள வட்டாரம் பாக்கியிருந்தால், முதல் இருவருக்கும் பிரியும் ஓட்டு சுருங்கும். வித்தியாசத்தை ஈடுகட்டும் வாய்ப்பும் அங்கே குறையும். நோட்டாவுக்கு எத்தனை விழுந்தாலும் வெற்றி முடிவை அது மாற்றாது.

8. கடைசிச் சுற்றுக்குப் பிறகும் காத்திருத்தல்

எல்லாச் சுற்றும் முடிந்தபின், குலுக்கலில் தேர்வாகும் 5 பூத்களின் விவிபாட் சீட்டுகள், அதாவது யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் சீட்டுகள், எண்ணப்படும். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு இது. இயந்திரத்துக்கும் சீட்டுக்கும் வேறுபாடு வந்தால் சீட்டின் எண்ணிக்கையே செல்லும். முடிவைக் காட்டாமல் பழுதான இயந்திரங்களும், மாதிரி ஓட்டுப்பதிவை அழிக்காமல் விட்ட இயந்திரங்களும் ஒதுக்கி வைக்கப்படும். அவற்றில் உள்ள ஓட்டைவிட வித்தியாசம் குறைவாக இருந்தால், அந்த பூத்களின் விவிபாட் சீட்டுகளை எண்ணுவார்கள். அதன்பின் வேட்பாளரோ முகவரோ மறுஎண்ணிக்கை கோரி எழுத்துமூலம் மனு தரலாம்; ஏற்பதோ மறுப்பதோ, அலுவலர் காரணத்துடன் பதிவு செய்ய வேண்டும்.

வித்தியாசம் மிகச் சிறியதாக இருந்த தேர்தல்கள் இந்தக் காத்திருப்பின் அவசியத்தைக் காட்டுகின்றன. 2021-ல் சென்னை தியாகராய நகரில் வித்தியாசம் 137 மட்டுமே. ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 281. 2008-ல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி.ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார். இருவர் சமமாக ஓட்டு பெற்றால் சீட்டுக் குலுக்கிப் போட்டு வெற்றியாளரைத் தேர்வது சட்டம்.

9. முடிவைப் பதிந்து வைத்தல்

இணையதளத்தில் "முன்னிலை" என்பது "வெற்றி" என மாறி, அலுவலர் சான்றிதழ் வழங்கிய பிறகே தொகுதியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 234 இடங்களில் ஆட்சிக்குத் தேவையான 118-ஐ எண்ணும்போதும் வென்றவற்றைத் தனியாகவும், ஆயிரம் ஓட்டுக்குள் முந்துபவற்றைத் தனியாகவும் வைத்தால் மாநில நிலவரம் குழம்பாது. முடிவை எதிர்ப்பவர் 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுக்கலாம். சில நாட்களில் வெளியாகும் புதிய படிவம் 20-ஐ, அன்றைக்குக் குறித்த சுற்றுவாரிக் கணக்குடன் ஒப்பிட்டுச் சேமித்து வைத்தால், அடுத்த தேர்தலின் எண்ணிக்கை நாளுக்கு முதல் படியின் பெரும்பகுதி வேலை முடிந்திருக்கும்.