அபாயச் சரக்குகளும் அவற்றின் அடையாளமும்

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை சின்னசேலம், கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் ஆகிய ஊர்களை ஒட்டிச் செல்கிறது. நாட்டின் பிற நெடுஞ்சாலைகளைப் போலவே இச்சாலையிலும் பெட்ரோல், டீசல், சமையல் எரிவாயு முதலியவற்றை ஏற்றிய டேங்கர் லாரிகள் ஓடுகின்றன. கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் அதே பொருள்கள் சிறு அளவில், கேன்களிலும் உருளைகளிலும் செல்கின்றன. இப்பொருள்களின்றி இக்காலத்தில் உழவும் இல்லை, அடுப்பும் இல்லை. ஆயினும், கவனக்குறைவாகக் கையாளப்படின் இவை உயிரைக் கொள்ளும் தன்மையுடையவை. ஆதலின் இவற்றைச் சாலை வழியே கொண்டு செல்வதற்கு நாடு முழுமைக்கும் பொதுவான விதிகள் ஏற்பட்டுள்ளன. அவ்விதிகள் லாரி முதலாளிகளுக்கும் காவல் துறைக்கும் மட்டும் உரியவை என்று கருதுவது தவறு. சாலையோரத்தில் வாழும் நாமும் அவற்றை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

விதிகள் வளர்ந்த வரலாறு

1958ஆம் ஆண்டில் பாரத்தியான் என்னும் பூச்சிமருந்து, கோதுமை மாவு முதலிய உணவுப் பொருள்களுடன் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டது. மருந்து கசிந்து உணவில் கலந்தமையால் கேரளத்திலும் அந்நாளைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவை உண்டவர் எவருக்கும் அதில் நஞ்சு கலந்திருந்தது தெரியாது. இத்துயரத்தின் பின்னரே 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் விதிகளும் பிறந்தன. உணவுப் பொருளையோ கால்நடைத் தீவனத்தையோ தொடும்படி பூச்சிமருந்தை ஏற்றிச் செல்லலாகாது என்பது அவ்விதிகளில் ஒன்று.

உலக அளவில், ஐக்கிய நாடுகள் அமைப்பு 1956ஆம் ஆண்டில் அபாயச் சரக்குப் போக்குவரத்துக்கான பரிந்துரைகளை முதன்முதலாக வெளியிட்டது. அவை இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்பட்டு வருகின்றன. நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில், 129 முதல் 137 வரையுள்ள விதிகள் இப்பொருளைப் பற்றியவை. காலத்திற்கேற்ப அவையும் அவற்றைச் சார்ந்த சட்டங்களும் புதுப்பிக்கப்பட்டுள்ளன. இவ்விதிகளை மீறி வண்டி ஓட்டுவோருக்கு முதற் குற்றத்திற்கு 3,000 ரூபாய் வரை இருந்த தண்டத்தொகை, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 10,000 ரூபாயாக உயர்ந்தது. அபாயச் சரக்கு ஏற்றும் நடுத்தர, கனரக வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தப்பட வேண்டும் என்று 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு, வகைப்படுத்துதல், சிப்பமிடுதல், அடையாளமிடுதல், பயிற்சி, அவசர நடவடிக்கை ஆகியவற்றை ஒருங்கே கூறும் ஐ.எஸ். 18149 என்னும் வழிகாட்டு நெறியை வெளியிட்டது.

இத்தனை விதிகளுக்கும் அடிப்படைக் கருத்து ஒன்றே. அபாயப் பொருள் எங்குச் சென்றாலும் அதன் பெயர் அதைவிட்டுப் பிரியலாகாது. பெயர் பிரிந்த இடத்தில்தான் பேராபத்து தொடங்குகிறது.

லாரியின் மேல் எழுதியிருப்பது என்ன?

டேங்கர் லாரியின் இரு பக்கங்களிலும் பின்புறத்திலும் அவசரத் தகவல் பலகை ஒன்று எழுதப்பட்டிருக்க வேண்டும். அதில் பொருளின் சரியான பெயர், நான்கு இலக்க ஐ.நா. எண், அபாய வகையைக் காட்டும் சாய்சதுரப் படம், அவசர உதவிக்கான தொலைபேசி எண், சரக்கை அனுப்பியவரைப் பற்றிய விவரம் ஆகியவை இடம்பெறும். எண்ணின் உயரம் 100 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. தொலைவில் நின்றே படிக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

அபாயப் பொருள்கள் ஒன்பது வகைப்படும். வெடிபொருள்கள் முதல் வகை. வாயுக்கள் இரண்டாம் வகை. தீப்பற்றும் திரவங்கள் மூன்றாம் வகை. நச்சுப் பொருள்கள் ஆறாம் வகை. அமிலம் போன்ற அரிக்கும் பொருள்கள் எட்டாம் வகை. எண்களில் சிலவற்றை நினைவிற் கொள்ளுதல் நலம். டீசலுக்கு 1202, பெட்ரோலுக்கு 1203, மெத்தனாலுக்கு 1230, சமையல் எரிவாயுவுக்கு 1075, அம்மோனியா வாயுவுக்கு 1005. பெட்ரோலுக்கும் மெத்தனாலுக்கும் இலக்கங்கள் இடம் மாறியுள்ளமையால் எண்ணை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

சரக்கை அனுப்புவோர் அதன் தன்மையை வண்டி உரிமையாளருக்கு முழுமையாகத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் அதனை ஓட்டுநருக்கு விளக்க வேண்டும். ஓட்டுநர் தனிப் பயிற்சி பெற்று உரிமத்தில் பதிவு பெற்றவராயிருத்தல் வேண்டும். அப்பொருள் பற்றிய அவசரகால அட்டையைத் தம் அறையில் வைத்திருத்தலும் வேண்டும். விபத்து நேரின் அருகிலுள்ள காவல் நிலையத்திற்கு உடனே தெரிவிப்பது அவர் கடமை.

கருணாபுரம் தரும் பாடம்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி அறுபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவ்வட்டாரம் எளிதில் மறக்க இயலாத துயரம் அது. பல குடும்பங்களில் உழைத்துப் பொருளீட்டியவரே மறைந்தார்.

மெத்தனால் தொழிற்சாலைகளுக்குத் தேவையான பொருள். டேங்கரில் முறைப்படி செல்லும்போது அதன் மேல் 1230 என்னும் எண்ணும், தீப்பற்றுவது, நச்சுடையது என்னும் இரு எச்சரிக்கைகளும் இருக்கும். சட்டத்திற்குப் புறம்பாகக் கைமாறிக் கேனுக்கும், கேனிலிருந்து சிறு பொட்டலத்திற்கும் வந்தபோது, எண்ணும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. கண்ணாலும் மூக்காலும் அதனைச் சாராயத்திலிருந்து பிரித்தறிய எளிய மக்களால் இயலாது. உடலுட் சென்ற மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கெடுக்கிறது. சிறிதளவே உயிரைப் போக்கவல்லது. வயிற்றுவலி, வாந்தி, பார்வை மங்குதல் ஆகியவை தோன்றின், அச்சத்தாலோ வெட்கத்தாலோ மறைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்வதே உயிர் காக்கும் வழி.

இத்துயரத்திற்குப் பின் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் 2024ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டது. கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு நேரின் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையும் 10 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டத்தொகையும் விதிக்க அதில் இடமுண்டு. எனினும் தண்டனை குற்றத்திற்குப் பின் வருவது. பெயரற்ற கேன் ஊருக்குள் நுழையும்போதே கண்டு தெரிவிப்பது ஊராரால் மட்டுமே இயலும்.

மலைப்பாதையில் செல்லும் சிறு சுமைகள்

மலைச் சிற்றூர்களுக்கு டேங்கர் லாரி செல்வதில்லை. பொருள் மட்டும் செல்கிறது. தண்ணீர்ப் பாட்டிலில் பெட்ரோலை நிரப்பிப் பெட்டிக்கடையில் தொங்கவிட்டு விற்பது பல ஊர்களிலும் காணும் வழக்கம். பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்தத் தேவைக்கு 30 லிட்டர் வரையே உரிமமின்றி வைத்திருக்கலாம். அதுவும் இறுக மூடிய கலத்தில் இருத்தல் வேண்டும். கண்ணாடிக் கலமாயின் 1 லிட்டருக்கும், உலோகக் கலமாயின் 25 லிட்டருக்கும் மேற்படலாகாது. உரிமமின்றி விற்பதற்கு இடமே இல்லை.

நிரப்பிய எரிவாயு உருளையை மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ கொண்டு செல்லலாகாது என்று 2016ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகள் கூறுகின்றன. வளைவு மிகுந்த மலைப்பாதையில் இவ்விதியின் அருமை தானே விளங்கும். கிணறு வெட்டுவதற்கான வெடிமருந்தைப் பயணிகள் பேருந்தில் எடுத்துச் செல்வது பெருங்குற்றம். உரிமம் பெற்றவர் வாயிலாகவே அப்பணியைச் செய்வித்தல் வேண்டும். பூச்சிமருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பதும், அரிசி மூட்டையுடன் ஒரே வண்டியில் ஏற்றுவதும் 1958ஆம் ஆண்டின் தவற்றை நம் வீட்டிலேயே மீண்டும் செய்வதாகும்.

விபத்து நேர்ந்தால்

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கேரளத்தின் கண்ணூரை அடுத்த சாலா என்னும் ஊரில் சமையல் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து தீப்பற்றியது. சாலையோர வீடுகளுக்கும் தீ பரவி இருபது பேர் மாண்டனர். 2025ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் அதே போன்ற டேங்கர் கவிழ்ந்து வாயு கசிந்தது. தீயணைப்புத் துறையினர் தொடர்ந்து நீரைப் பீய்ச்சினர்; போக்குவரத்து நிறுத்தப்பட்டது; அருகிலுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. நெருப்புப் பொறியையும் மக்களையும் விலக்கி வைப்பதன் பயன் இதனால் விளங்கும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. ஆதலின் அது மேலெழாமல் பள்ளம், வாய்க்கால், கிணறு ஆகியவற்றை நாடித் தங்கும். கொட்டும் எண்ணெயைப் பிடிக்கச் செல்வதும் கொடிய பேதைமை. 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாகிஸ்தானின் அகமதுபூரில் கவிழ்ந்த டேங்கரின் பெட்ரோலைக் குடங்களில் பிடிக்கக் கூடிய மக்களில் இருநூறுக்கு மேற்பட்டோர் தீயில் மாண்டனர்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

1. மேற்கூறிய ஐந்து எண்களையும், அபாய வகைகளின் படங்களையும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் பள்ளியிலும் எழுதி வைத்தல்.

2. 112 என்னும் அவசர உதவி எண்ணையும், எரிவாயுக் கசிவைத் தெரிவிப்பதற்குரிய 1906 என்னும் எண்ணையும் யாவரும் அறியச் செய்தல்.

3. விபத்து நேரின் காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறமாக, மேடான இடத்திற்கு மக்களை அகற்றுதல். அடுப்பு, பீடி, மோட்டார் ஆகியவற்றின் பொறி எழாமல் தடுத்தல். தொலைவில் நின்று பலகையைப் படித்து எண்ணைத் தெரிவித்தல்.

4. பெயரில்லாத கேன்களும் பீப்பாய்களும் இரவில் இறக்கப்படுவதைக் கண்டால் காவல் துறைக்குத் தெரிவித்தல்.

5. கிராம சபைக் கூட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இப்பொருளை எடுத்துக்கொண்டு, பெட்ரோல் விற்கும் கடைக்காரரையும் உருளை கொண்டு செல்பவரையும் அழைத்து விதிகளை விளக்குதல்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. சுவரும் சுண்ணாம்பும் சிறிது அக்கறையும் இருந்தால் போதும். தில்லியில் திருத்தப்படும் விதி, வெள்ளிமலையின் கடைசிச் சிற்றூரில் ஒருவர் பாட்டிலைக் கையில் எடுத்து 'இதில் இருப்பது என்ன?' என்று கேட்கும்போதுதான் பயன் பெறுகிறது. அக்கேள்வியைக் கேட்கும் பழக்கத்தை ஒவ்வோர் ஊராட்சியும் தன் மக்களிடையே வளர்க்குமாக.