டோக்கன் நம் கையில், மனை யார் கையில்?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்ததும் அன்பர் ஒருவர் கேட்டார்: "சார், ஊர்ப் பக்கம் ஒரு மனையை ஆயிரம் டோக்கன்களாகப் பிரித்து பிளாக்செயினில் விற்கிறார்களாம். ஓய்வுப் பணத்தில் பத்து வாங்கட்டுமா?"

நான் வக்கீல் அல்ல, ரயில்வே என்ஜினீயர். ஆகவே எனக்குத் தெரிந்த உதாரணத்தையே சொன்னேன். சரக்கு ஏற்றியவருக்கு ரயில்வே ரசீது தருவோம். அதன் பின்புறம் கையெழுத்திட்டு இன்னொருவரிடம் கொடுத்தால் சரக்கின் உரிமையும் அவருக்குப் போகும். இது காகிதத்தின் மகிமையல்ல. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் அப்படிச் சொல்கிறது. பங்குகள் கணினிக் கணக்காக மாறியபோதும் 1996இல் டெபாசிட்டரிகள் சட்டம் துணைக்கு வந்தது.

மனைக்கு 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் இருக்கிறது. அதன்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள மனையைப் பதிவு செய்த பத்திரத்தால்தான் விற்க முடியும். டோக்கன் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பதை பிளாக்செயின் பிசகாமல் குறித்து வைக்கும். ஆனால் அக்குறிப்பு வில்லங்கச் சான்றில் ஏறாது. பத்திரம் நிறுவனத்தின் பெயரில் இருந்தால், நமக்குக் கிடைப்பது நிறுவனத்தின் வாக்குறுதிதான், மனையல்ல.

2022 நிதிச் சட்டம் மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகளின் லாபத்துக்கு 30 சதவீத வரி விதித்ததே என்றார் அன்பர். வரி கட்டினால் மட்டும் மனை நமதாகிவிடுமா?

மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். பத்திரம் யார் பெயரில்? நிறுவனம் மூடினால் நமக்கு என்ன உரிமை? வழக்கென்றால் எந்த ஊர் நீதிமன்றம்?

நிறுவனத்திடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அன்பரின் பணம் வங்கியிலேயே இருக்கிறது.