இயற்கணிதமும் நிகழ்தகவும் பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இயற்கணிதம் மூன்றாம் இயலிலும் நிகழ்தகவு எட்டாம் இயலிலும் வருகின்றன. இரண்டிலும் பிள்ளைகள் சறுக்குவதற்குக் காரணம் ஒன்றுதான்: தாளில் எழுத வேண்டியதை மனத்திலேயே முடித்துவிடப் பார்க்கிறார்கள்.

1. மாறி எதைக் குறிக்கிறது என்பதை முதல் வரியிலேயே முழுதாக எழுதுங்கள். வெறுமனே 'ம' என்று போடாமல், 'ம = மகனின் இன்றைய வயது' என்று எழுதுங்கள். 'இன்றைய' என்ற சொல் விட்டுப்போனால் கடைசி வரியில் எது யாருடைய வயது என்று தெரியாமல் விழிக்க நேரும்.

2. அடைப்புக்குறியைச் சோம்பலால் விடாதீர்கள். தந்தையின் வயது மகனுடையதைப் போல் மூன்று மடங்கு. 12 ஆண்டுகள் கழித்து இரண்டு மடங்குதான். சமன்பாடு 3ம + 12 = 2(ம + 12). விரித்தால் 3ம + 12 = 2ம + 24. ஆகவே ம = 12, தந்தைக்கு 36. அடைப்புக்குறி இல்லாமல் 3ம + 12 = 2ம + 12 என்று எழுதிப் பாருங்கள்: மகனின் வயது 0 என்று வரும், தந்தையின் வயதும் 0! இப்படி ஒரு விடை வந்தால் அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போகாதீர்கள். எந்த வரியில் பிசகியது என்று விரல் வைத்துத் தேடுங்கள். அந்தத் தேடலில் கிடைக்கும் படிப்பு பத்துக் கணக்கைச் சரியாகப் போட்டாலும் கிடைக்காது.

3. 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்ற வாய்பாட்டைத் தொடக்கத்தில் ஒதுக்கி வையுங்கள். எதுவும் எங்கும் போவதில்லை. இரு பக்கமும் ஒரே எண்ணைக் கூட்டுகிறோம் அல்லது கழிக்கிறோம். சில வாரங்களுக்கு அந்த வரியையும் சேர்த்தே எழுதுங்கள். வகுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ஓர் எண்ணின் வர்க்கம் அதன் ஐந்து மடங்குக்குச் சமம் என்றால், இரு பக்கமும் அந்த எண்ணால் வகுத்தவுடன் 5 மட்டும் கிடைக்கும். 0 என்ற இன்னொரு விடை காணாமல் போகும்.

4. சூத்திரத்தில் சந்தேகமா? சின்ன எண்களைப் போட்டுப் பாருங்கள். (2 + 3)² என்பது 25. 2² + 3² என்பது 13. இதைப் பார்த்தவர் நடு உறுப்பை மறக்கமாட்டார்.

5. நிகழ்தகவில் பின்னத்துக்கு அவசரப்படாமல், நடக்கக்கூடியதை எல்லாம் முதலில் பட்டியல் போடுங்கள். இரண்டு முறை நாணயம் சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு என்ன? தாலம்பேர் என்ற பெரிய பிரெஞ்சுக் கணித அறிஞர் 1754இல் இதற்கு 2/3 என்று எழுதினார். முதலிலேயே தலை, பூவுக்குப் பின் தலை, இரண்டும் பூ என்று மூன்று நிலைகளாக எண்ணிவிட்டார். அவை மூன்றும் சமவாய்ப்புடையவை அல்ல. சமமான நான்கையும் எழுதினால் விடை 3/4.

வீட்டில் தாயக்கட்டை இருந்தால் அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. இரண்டு கட்டை, ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு வெறும் பக்கம். நான்குக்கு நான்கு கட்டம் வரைந்து பதினாறையும் நிரப்புங்கள். தாயம் விழ ஒன்றில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறுமையும் வேண்டும்; எந்தக் கட்டையில் எது என்பதால் அதற்கு இரண்டு வழிகள், அதாவது 2/16. பன்னிரண்டுக்கு இரண்டுமே வெறுமையாக விழ வேண்டும், 1/16. மூன்றுக்கு நான்கு வழிகள். மறுபடி போட உரிமை தரும் 1, 5, 6, 12 ஆகியவற்றுக்கு மொத்தம் ஆறு வழிகள், ஆகவே 3/8. பக்கத்து வீட்டுப் பாட்டி அனுபவத்தில் அறிந்ததை நீங்கள் தாளில் எண்ணிப் பார்த்துவிட்டீர்கள்.

6. 'திரும்ப வைக்காமல்' என்ற சொற்களின் கீழ் கோடு போடுங்கள். ஐந்து சிவப்பு, மூன்று நீலப் பந்துகள் உள்ள பையில் அடுத்தடுத்து இரண்டு சிவப்பு எடுக்க: திரும்ப வைத்தால் 25/64, வைக்காவிட்டால் 5/8 × 4/7, அதாவது 5/14.

7. 'குறைந்தது ஒன்று' என்று கேட்டால் ஒன்றுகூட வராததை முதலில் கண்டுபிடியுங்கள். பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் எழுதிக்கொண்ட கடிதங்களில் வரும் கேள்வி இது: ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஓர் ஆறாவது விழுமா? விழாமல் போக 625/1296. விழ 671/1296, பாதிக்குச் சற்று மேல்.

8. கைடில் உள்ள தீர்வைப் படிப்பது பயிற்சி ஆகாது. புத்தகத்து எடுத்துக்காட்டையே ஒரு தாளால் மூடிக்கொண்டு போடுங்கள். சிக்கினால் ஒரு வரி மட்டும் திறந்து பாருங்கள். மறுநாள் அதே கணக்கை எதையும் பார்க்காமல் முழுதும் போடுங்கள். நாளுக்கு நான்கு கணக்கு போதும்; நான்கிலும் விடையைப் பிரதியிட்டுச் சரிபார்த்த பிறகே நோட்டை மூடுங்கள்.