புது வீட்டைத் தட்டிப் பாருங்கள்

சாவி கிடைத்ததும் பால் காய்ச்ச நாள் பார்க்கிறோம். (வேண்டாம் என்று சொல்லவில்லை!) கட்டட அளவையியல் பயிலும் நான் உறவினர்களிடம் வலியுறுத்துவது: அதற்குமுன் மேம்பாட்டாளரைச் சாராத பரிசோதகர் ஒருவரை அழையுங்கள். அவர் தரை ஓடுகளைத் தட்டுவார். காலி டப்பாபோல ஒலித்தால் அடியில் சிமெண்டு சரியாகப் பிடிக்கவில்லை. குளியலறையில் நீரைத் தேக்கி, கீழே கசிகிறதா என்று பார்ப்பார். நமக்கோ பளபளப்பு மட்டுமே தெரியும்.

மலேசிய வீடமைப்புச் சட்டப்படி, மேம்பாட்டாளரிடம் வாங்கும் புதுவீட்டுக்குக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் 24 மாதம். வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிடும். நாம் குடிபுகும்வரை காத்திராது. எழுத்துமூலம் புகார் கிடைத்த 30 நாளுக்குள் மேம்பாட்டாளர் தம் செலவில் பழுதுபார்க்க வேண்டும். ஆகவே பரிசோதகரின் அறிக்கையைப் படங்களுடன் ஒப்படைத்து, நகலில் தேதியோடு கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.