‘அப்ளை’ அழுத்துவதற்கு முன்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலை ஃபயர்வாலை ஹட்டனில் இருந்தபடி விபிஎன் வழியாகப் பிரவுசரில்தான் பார்த்துக்கொள்கிறேன். பழைய கம்பியூட்டரொன்றில் பிஎஃப்சென்ஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். மடுவத்தில் நிறுத்த கொழுந்துக் கணக்கு தொழிற்சாலைக் கம்பியூட்டரில் சேரும். விடியற்காலையில் கொழும்புத் தலைமை அலுவலகம் விபிஎன் வழியாக அதை எடுத்துக்கொள்ளும். தொழிலாளரின் மேலதிகக் கிலோவுக்கான காசும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, விபிஎன்னில் வருகிறவர்கள் கேமரா ரெக்கார்டரைத் தொடக்கூடாதென்று ஒரு தடை விதி எழுதினேன். போய்ச்சேரும் முகவரிக்கான கட்டத்தில் கேமராவின் முகவரியைப் போடாமல் ‘எனி’ என்றே விட்டுவிட்டேன். விதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து ‘அப்ளை’ அழுத்தினேன். இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தேன், வந்தது. படுத்துவிட்டேன்.

காலையில் உள்ளே போக முடியவில்லை. பிஎஃப்சென்ஸ் ஒவ்வொரு இடைமுகத்தின் விதிகளையும் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். அதற்குக் கீழே எத்தனை அனுமதி எழுதியிருந்தாலும் எடுபடாது. அப்படியானால் இரவு பக்கங்கள் எப்படி வந்தன? ஏற்கெனவே தொடங்கிய இணைப்பு ‘ஸ்டேட்’ பட்டியலில் பதிந்திருக்கும், புது விதி அதை அறுக்காது. நான் சோதித்தது பழைய இணைப்பை.

நோர்வூட் வழியாக பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, கிளாக்கர் ஐயா முந்திய நாள் நிறுவையை ஒவ்வொரு பெயராகப் போனில் கொழும்புக்கு வாசித்துக்கொண்டிருந்தார். “தம்பி, நாற்பது பேரு முடிஞ்சிருச்சு, இன்னும் இருக்கு” என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. லேப்டொப்பை உள்வலையில் செருகினேன். நிர்வாகப் பக்கத்துக்கு உள்வலையில் இருந்து வழியைத் திறந்தே வைக்கும் ‘ஆன்டி-லாக்அவுட்’ விதி பிஎஃப்சென்ஸில் தொடக்கத்திலேயே உண்டு. இரண்டு நிமிடத்தில் சரிசெய்தேன்.

அன்றிலிருந்து விதியைத் தொடுவதற்கு முன் ஒரு எஸ்எஸ்எச் இணைப்பைத் திறந்து வைக்கிறேன். மேலே சொன்ன அதே காரணத்தால் அது அறுபடாமல் நிற்கும். அங்கே வரும் பட்டியலில் 15ஆம் இலக்கம், அண்மைய அமைப்புகளில் ஒன்றை மீட்டுத் தரும். பெட்டியில் திரையும் கீபோர்ட்டும் செருகினாலும் அதே பட்டியல்தான். கிளாக்கர் ஐயாவுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்து, ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறேன். மாற்றிய பிறகு, வேறொரு கருவியில் புதிதாக நுழைந்து பார்க்காமல் எழுந்திருப்பதில்லை. ஒவ்வொரு விதியின் விளக்கக் கட்டத்திலும் திகதியும் காரணமும் எழுதுகிறேன்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் மலைகளில் பின்னேர இடிமின்னல் பெட்டியையே எரித்துவிடும். அமைப்புக் கோப்பின் பிரதியொன்று தோட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். மாற்றுப் பெட்டியின் நெட்வேர்க் கார்டு வேறு வகையென்றால், எந்தத் துவாரம் வெளிவலை, எது உள்வலை என்று மீண்டும் குறிக்கவேண்டி வரும். அதையும் எழுதி வையுங்கள்.

தூரத்தைக் காரணம் காட்டி நிர்வாகப் பக்கத்தை வெளி இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுகிறவர்கள் நம் பக்கத்தில் உண்டு. கடவுச்சொல் கடினமாக இருந்தால் போதும் என்பார்கள். போதாது. 2022 ஒக்டோபரில் ஃபோர்ட்டினெட் ஃபயர்வால்களில் வெளிவந்த ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் அந்தப் பக்கத்தின் வழியே நிர்வாகியாக நுழைய விட்டது. விபிஎன்னுக்குள் வந்த பிறகுதான் அந்தப் பக்கம் தெரியவேண்டும்.

இதை வாசித்ததும் போனில் வைஃபையை அணைத்து, டேட்டாவில் உங்கள் தோட்டத்தின் வெளி முகவரியை அடித்துப் பாருங்கள். லொகின் பக்கம் வந்தால் இன்றைக்கே மூடுங்கள்.