பனிக்கடியா? தேய்க்காதே, தீயில் காட்டாதே!



நாய்க்கடி தெரியும், பாம்புக்கடி தெரியும். அதென்ன பனிக்கடி? கடுங்குளிரில் தோலும் சதையும் உறைந்து போவதுதான் பனிக்கடி. சியாச்சினில் 1984 முதல் காவல் நிற்கும் நம் ராணுவ வீரர்களுக்கு இதுவும் ஒரு எதிரி. குளிர்காலத்தில் அங்கே மைனஸ் 50 டிகிரி வரை போகும்!

ஏன் வருகிறது?
குளிர் கூடினால் உடல் முதலில் இதயத்தையும் மூளையையும் காப்பாற்றப் பார்க்கும். அதனால் விரல், காது, மூக்கு ஆகியவற்றின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். சூடான ரத்தம் வராத இடம் உறையும்.

அறிகுறிகள்
முதலில் குத்தும், எரியும். பிறகு மரத்துவிடும். ‘வலி போயிடுச்சு, சரியாயிடுச்சு’ன்னு நினைக்கக் கூடாது. ஆபத்தே அதுதான்! தோல் வெளுத்து மெழுகு போல் கெட்டியாகும். நம் மாநிறத் தோலில் வெளுப்பு சட்டென்று தெரியாது. தொட்டுப் பார்க்க வேண்டும்.

1950-இல் அன்னபூர்ணா சிகரம் ஏறிய பிரான்ஸ் நாட்டு மோரிஸ் எர்சோக், இறங்கும்போது கையுறைகளைத் தவறவிட்டார். பனிக்கடியால் எல்லாக் கால்விரல்களையும் பெரும்பாலான கைவிரல்களையும் இழந்தார்.

தடுப்பது எப்படி?
1. ஒரே தடித்த சட்டையைவிடப் பல அடுக்கு உடை நல்லது.
2. ஈரக் காலுறையை உடனே மாற்றணும். இறுக்கமான ஷூ கூடாது.
3. புகை, மது கூடவே கூடாது.
4. ஒருவர் முகத்தை மற்றவர் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலுதவி
யாருக்காவது கை ஜில்லிட்டால் நாம் உடனே பரபரவென்று தேய்ப்போம். பனிக்கடிக்கு அது கூடாது! உறைந்த சதை தேய்த்தால் சிதையும். 1812-இல் நெப்போலியனின் மருத்துவர் லாரே, பனியால் தேய்க்கச் சொன்னார். நூறு ஆண்டுக்கு மேல் உலகம் அதை நம்பியது. இன்று அது தவறு என்று தெரியும். நெருப்பிலும் காட்டக் கூடாது. மரத்த தோலுக்குச் சுடுவதே தெரியாது, வெந்துவிடும்.

சரியான முறை: ஈர உடை, மோதிரம் கழற்றி, 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் சுமார் அரை மணி நேரம் வைக்கணும். மறுபடி உறைய வாய்ப்பு இருந்தால் சூடேற்றவே கூடாது; முதலில் பாதுகாப்பான இடம் சேரணும். கொப்புளத்தை உடைக்காமல் மருத்துவரிடம் போகணும்.

‘நம்ம ஊர்ல பனியே இல்லையே, எதுக்கு இது?’ என்று என் வகுப்பில் கேட்டார்கள். மாடுகளுக்குச் சினை ஊசி போட டாக்டர் கொண்டுவரும் கேனில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் இருக்கிறது. ஐஸ் வண்டியில் புகை விடும் உலர்பனி மைனஸ் 78 டிகிரி. இரண்டையும் வெறுங்கையால் தொட்டால் இதே காயம்தான். வேடிக்கை பார்க்கலாம் நண்பர்களே, தொட வேண்டாம்!

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி